அக்காள் எழுதிய கடிதங்கள்

மேடையில் பேசியே பெயர் வாங்கியவர்களைப் பற்றி எழுத உட்காருகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. பேச்சு காற்றோடு போய்விடுகிறது. கேட்டவர்களும் "ஆஹா!" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அதிலும், கையில் குறிப்பு வைத்துக்கொண்டு பேசுவது தகாது, எழுந்து நின்ற நேரத்தில் உள்ளத்தில் ஒளி காட்டுவதைத்தான் சொல்ல வேண்டும் என்று நம்பிய ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் வாழ்ந்த லுக்ரீஷியா மாட் அம்மாள் அப்படிப்பட்டவர். அடிமை முறை ஒழிய வேண்டும் என்றும், பெண்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றும் அரை நூற்றாண்டு பேசியவர். புத்தகம் என்று ஒன்று எழுதி வைத்தாரில்லை. அவர் பேசியதில் சுருக்கெழுத்துக்காரர்கள் பிடித்து வைத்த அளவுதான் நமக்கு மிச்சம்.

ஆனால் கடிதங்கள் மிச்சமிருக்கின்றன. தங்கைக்கு, மகளுக்கு, மருமகனுக்கு, நாத்தனாருக்கு என்று எழுதிய வீட்டுக் கடிதங்கள். இவற்றில் ஒரு நல்ல தொகுதியை பெவர்லி வில்சன் பாமர் என்ற அம்மையார் 2002-ல் பதிப்பித்தார். அதைப் படிக்கப் படிக்க, ஒரு மகாசபையின் நடவடிக்கைகளை அடுக்களை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. கதை எழுதுகிறவனுக்கு அந்த ஜன்னலைவிட உசத்தியான ஆசனம் வேறு இல்லை.

முதலில் அந்தக் குடும்பத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். லுக்ரீஷியா பிறந்தது 1793-ஆம் ஆண்டு, நான்டக்கெட் என்ற தீவில். திமிங்கில வேட்டைக்குப் பேர் போன ஊர். ஆண்கள் கப்பலேறிப் போனால் திரும்பி வர ஆண்டுக் கணக்காகும். அதுவரை கடை, கணக்கு, கொள்முதல், குழந்தை எல்லாம் பெண்கள் பாடு. லுக்ரீஷியாவின் தந்தை தாமஸ் காபின் ஒரு கப்பல் தலைவர். ஒருமுறை தென்னமெரிக்கக் கரையோரம் ஸ்பெயின் நாட்டார் அவருடைய கப்பலைப் பறித்துக்கொண்டார்கள். மனிதர் ஆண்டீஸ் மலையைத் தாண்டிப் பிரேஸில் பக்கம் வந்து வேறு கப்பல் பிடித்து ஊர் திரும்பினார். வீட்டாரோ அவர் இறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள். அந்த நாட்களில் கடை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவள் தாய் அன்னா. பெண்ணுக்கு வியாபாரம் தெரியாது, பொறுப்புத் தெரியாது என்று பிற்காலத்தில் யாராவது சொன்னால் லுக்ரீஷியா அம்மாளுக்குக் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும். அந்தச் சிரிப்புக்கு வேர் இந்தத் தீவில் இருக்கிறது.

அவர்கள் குவேக்கர்கள். பாதிரியார் கிடையாது, பாட்டுக் கிடையாது. மௌனமாகக் கூடி உட்கார்ந்திருப்பார்கள், உள்ளிருந்து உந்துதல் பெற்றவர் ஆணானாலும் பெண்ணானாலும் எழுந்து பேசலாம். அவர்களிடம் இன்னொரு வழக்கம். அரசனானாலும் ஆண்டியானாலும் ஒருமையில்தான் அழைப்பார்கள். நம் பாஷையில் சொன்னால் எல்லோரும் "நீ"தான். "நீங்கள்" என்பதே கிடையாது. மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் பழைய தேவதைகளின் பெயர் இருப்பதால் அவற்றையும் சொல்ல மாட்டார்கள். ஜூலை என்பது ஏழாம் மாதம், ஞாயிறு என்பது முதல் நாள். லுக்ரீஷியா அம்மாளின் கடிதத் தலைப்பிலெல்லாம் இந்த எண்கள்தாம்.

நியூயார்க் மாகாணத்தில் ஒரு குவேக்கர் விடுதிப் பள்ளியில் அவர் படித்தார், பிறகு அங்கேயே கற்பித்தார். பெண் உபாத்தியாயினிகளுக்கு ஆண்களின் சம்பளத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பதை அந்த வயதிலேயே கவனித்துவிட்டார். அதே பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் மாட் என்பவரை 1811-ல் பிலடெல்பியாவில் மணந்தார். ஜேம்ஸ் நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். அம்மாளோ ஐந்தடிக்கும் குறைந்த உயரம், பேச்சுக்குக் குறைவில்லை. இந்தப் பொருத்தம் ஐம்பத்தாறு ஆண்டு நீடித்தது. ஆறு குழந்தைகள். 1817-ல் தாமஸ் என்ற சிறு பையன் இறந்து போனான். அந்தத் துக்கத்துக்குப் பிறகுதான் அவர் சபையில் எழுந்து பேசத் தொடங்கினார். 1821-ல் சபை அவரைப் பிரசங்கியாக அங்கீகரித்தது. பின்னால் பிறந்த ஆண் குழந்தைக்கும் தாமஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

இனி, தங்கை மார்த்தா. பாதிக் கதை இவளுடையது. 1806-ல் பிறந்தவள், அக்காளுக்கும் அவளுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். அக்காளுக்குக் கல்யாணமாகும்போது இவள் நான்கு வயதுக் குழந்தை. பதினேழு வயதில் இவள் பீட்டர் பெல்ஹாம் என்ற படை அதிகாரியை மணந்துகொண்டாள். குவேக்கர் அல்லாதவன், அதுவும் வாளேந்துகிறவன்! சபை அவளைத் தள்ளி வைத்துவிட்டது. எந்தச் சபை? எந்தச் சபையில் அக்காள் மூன்று ஆண்டுக்கு முன்பு பிரசங்கி ஆனாளோ, அதே சபைதான். கல்யாணமான இரண்டு ஆண்டில் பெல்ஹாம் இறந்தான். கையில் ஒரு பெண் குழந்தை. பிறகு 1829-ல் டேவிட் ரைட் என்ற வக்கீலை மணந்து நியூயார்க் மாகாணத்து ஆபர்ன் என்ற ஊரில் குடியிருந்தாள். சபைக்குத் திரும்பவே இல்லை. மதமென்றால் மார்த்தாவுக்குக் கொஞ்சம் ஏளனம்தான்.

ஊருக்கெல்லாம் தர்மம் சொல்லும் அக்காள், சபை தள்ளிய தங்கைக்கு என்ன எழுதுவாள்? நானானால் ஒரு நாவலில் இந்த இடத்தில் நாலு பக்கம் கண்ணீர் வடித்திருப்பேன். இந்தக் கடிதங்களிலோ ஒரு சொட்டு இல்லை. யார் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்தத் துணியைக் கிழித்து எந்தக் கம்பளத்தில் சேர்த்தேன், எந்தப் பிரசங்கம் அலுப்பாக இருந்தது என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. சபை தள்ளினால் என்ன, சமாசாரம் தள்ளவில்லை! மதத்தைப் பற்றிக் கேலி செய்யும் தங்கைக்கு, மதமே உயிரான அக்காள் மனம் விட்டு எழுதுகிறாள். தங்கை அதே விதமாகப் பதில் போடுகிறாள். அரை நூற்றாண்டு இப்படியே நடந்திருக்கிறது.

தபாலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1845-க்கு முன்னால் அமெரிக்காவில் கடிதக் கூலி தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பொறுத்தது. முப்பது மைலுக்குள் ஒரு தாளுக்கு 6 சென்ட். 150 முதல் 400 மைல் வரை ஒரு தாளுக்கு 18¾ சென்ட். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள்! ஆகவே தாளையே மடித்து முத்திரை வைத்து வெளிப்புறத்தில் விலாசம் எழுதினார்கள். பெரும்பாலும் கூலி கொடுப்பவர் கடிதம் பெறுகிறவர். 1845-ல் 300 மைலுக்குள் 5 சென்ட் என்று ஆயிற்று. 1851-ல் முன்பணம் கட்டினால் 3 சென்ட். அந்தப் பழைய நாட்களில் தாளில் ஓர் அங்குலம் காலி விடுவது பாவம். ஓரத்தில் எழுதுவார்கள், தலைகீழாக எழுதுவார்கள். ஊருக்குப் போகிறவர் யாராவது அகப்பட்டால் அவர் சட்டைப் பையில் செருகிவிடுவார்கள். ஒருவருக்கு வந்த கடிதம் அவரோடு நிற்காது. சகோதரி வீடு, மகள் வீடு என்று சுற்றும். எல்லோரும் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தேதான் அம்மாள் எழுதினார். "நலம், நலமறிய அவா" என்று தொடங்கி நாலு வரியில் முடிக்கிற ஜாதி அல்ல இவை. கோடு போட்டுக் கோடு போட்டு, பாரா பிரிக்காமல், மூச்சு விடாமல் பேசுகிற கடிதங்கள். தமக்கு எழுத்து வராது, பேனா பிடிப்பதே கஷ்டம் என்று அவர் அடிக்கடி குறைப்பட்டுக்கொண்டார். இத்தனை எழுதியபின் அப்படிச் சொல்கிறவரை என்ன செய்வது!

ஒரே ஒரு கடிதத்தை விவரமாகச் சொல்கிறேன். 1838 மே மாதம் 14-ஆம் தேதி பிலடெல்பியாவில் பென்சில்வேனியா ஹால் என்ற பெரிய மண்டபம் திறக்கப்பட்டது. அடிமை முறையை எதிர்ப்பவர்களுக்கு ஊரில் யாரும் இடம் தராததால் தாங்களே பணம் திரட்டிக் கட்டியது. கறுப்பர்களும் வெள்ளையர்களும், ஆண்களும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஊர் பொறுக்கவில்லை. 17-ஆம் தேதி இரவு, திறந்து நான்கே நாளான மண்டபத்தைக் கும்பல் கொளுத்தியது. தீயணைப்புக்காரர்கள் பக்கத்துக் கட்டடங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மண்டபத்தை எரிய விட்டார்கள்.

பிறகு கும்பல் மாட் தம்பதிகளின் வீட்டைத் தேடிக் கிளம்பியது. வீட்டில் சின்னக் குழந்தைகளையும் கொஞ்சம் சாமான்களையும் ஏற்கெனவே அப்புறப்படுத்தியாகிவிட்டது. நண்பர்கள் சிலரோடு கணவனும் மனைவியும் முன்கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கதவைத் தாழிட்டு ஒளியவில்லை, ஓடவும் இல்லை. மகன் தாமஸ் தெருவுக்கும் வீட்டுக்குமாக ஓடி ஓடிச் செய்தி கொண்டுவந்தான். கூச்சல் நெருங்கியது. அப்போது கும்பலில் கலந்திருந்த ஒரு நண்பர், "மாட் வீட்டுக்கு!" என்று தாமே பெருங்குரலெடுத்துக் கத்திக்கொண்டு வேறு தெருவுக்குள் ஓடினார். கும்பல் அவர் பின்னால் போய்விட்டது.

இந்த நண்பரை நான் மிகவும் ரசித்தேன். கதையில் எழுதினால் விமர்சகர்கள் நம்ப மாட்டார்கள்.

அடுத்த மாதம் இதையெல்லாம் ஐரோப்பாவில் இருந்த மருமகன் எட்வர்ட் டேவிஸுக்கு அம்மாள் எழுதினார். அதில் தம்மை வீராங்கனையாக ஆக்கிக்கொள்ளவில்லை. கும்பல் திசைமாறிப் போய்க் கறுப்பர்களின் தேவாலயத்தைத் தாக்கியதும், கறுப்பு அநாதைக் குழந்தைகளுக்கென்று எழும்பியிருந்த இல்லத்தில் தீ வைத்ததும் நடந்தனவே, அதையும் அறிந்தவர் அவர். தம் வீடு தப்பிய கதைக்கு அப்பால் அடி வாங்கியவர்கள் யார் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1840-ல், லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு. அம்மாள் பிரதிநிதியாகக் கப்பலேறினார். பெண்கள் பிரதிநிதிகளாக அமரக் கூடாது என்று மாநாடு தீர்மானித்து அவர்களைத் தடுப்புக்குப் பின்னால் பார்வையாளராக உட்கார வைத்தது. அடிமைகளை விடுவிக்க வந்தவர்கள் பெண்களைக் கட்டிப்போட்டார்கள் என்று பலரும் எழுதிவிட்டார்கள். நானும் எழுத வேண்டியதில்லை. அங்கேதான் எலிசபெத் கேடி ஸ்டான்டன் என்ற இளம் மணப்பெண் அவருக்குப் பழக்கமானாள்.

இந்தப் பழக்கத்தின் பயன் எட்டு ஆண்டு கழித்து வந்தது. 1848 கோடையில் அம்மாள் ஆபர்னில் தங்கையைப் பார்க்கப் போயிருந்தார். பக்கத்து ஊரில் ஒரு குவேக்கர் வீட்டுத் தேநீர் மேஜையைச் சுற்றி ஐந்து பெண்கள் உட்கார்ந்தார்கள். லுக்ரீஷியாவும் மார்த்தாவும் ஸ்டான்டனும் அதில் அடக்கம். ஸெனிகா பால்ஸ் என்ற ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூட்டுவது என்று முடிவாயிற்று. மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னதாக, ஜூலை 16-ல், அம்மாள் ஸ்டான்டனுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். ஜேம்ஸுக்கு உடம்பு சரியில்லை. அறுவடை மும்முரம் ஆகையால் கூட்டம் பெரிதாக இராது. இவ்வளவுதான் விஷயம்! சரித்திரப் புத்தகங்களில் கொட்டை எழுத்தில் வருகிற மாநாடு, அதைக் கூட்டியவர்களின் கடிதத்தில் கணவரின் உடல்நிலைக்கும் வயல் வேலைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருக்கிறது. கூட்டம் வந்தது, சுமார் 300 பேர். பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். பெண்கள் நிறைந்த கூட்டத்துக்கு ஒரு பெண் தலைமை வகிக்க அவர்களுக்கே இன்னும் துணிவு வரவில்லை. உடம்பு தேறிய ஜேம்ஸ் ஓர் அமர்வுக்குத் தலைமை தாங்கினார். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று ஸ்டான்டன் சொன்னபோது, ஊர் சிரிக்குமே என்று முதலில் தயங்கியவர் நம் அம்மாள்தான்.

மார்த்தா அந்த மாநாட்டுக்குக் கர்ப்பிணியாகப் போனாள். மேடையேறிப் பேசவில்லை. ஆனால் மனைவிமார்களுக்கு உபதேசம் செய்கிற பத்திரிகைக் கட்டுரைகளைக் கிண்டல் செய்து அவள் எழுதியிருந்த ஒரு துணுக்கை அக்காள் சபையில் வாசித்துக் காட்டினாள். அக்காளின் குரல், தங்கையின் குறும்பு.

தங்கையைச் சும்மா வீட்டுக்குள் இருந்தவள் என்று எண்ணிவிட வேண்டாம். 1843 தொடக்கத்திலேயே, தப்பி வந்த ஓர் அடிமை தன் வீட்டு அடுக்களையில் படுத்துறங்கியதைப் பற்றி எழுதியிருக்கிறாள். ஊரில் அவளை அபாயகரமான ஸ்திரீ என்று சொன்னவர்கள் உண்டு. அடிமைகளை மீட்டுக் கொண்டுவந்த ஹாரியட் டப்மன் ஆபர்னில் குடியேறியபோது அவளுக்கு மார்த்தாவின் நட்பு இருந்தது.

பிலடெல்பியா வீட்டிலும் இதே கதை. 1849 மார்ச்சில் ஹென்றி பிரவுன் என்ற அடிமை, மூன்றடி நீளமுள்ள மரப்பெட்டிக்குள் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு ரிச்மண்டிலிருந்து பார்சலாகப் பிலடெல்பியா வந்து சேர்ந்தான். 27 மணி நேரப் பயணம். பெட்டியிலிருந்து எழுந்தவனுக்கு முதலில் புகலிடம் கொடுத்த வீடுகளில் மாட் வீடு ஒன்று. 1859-ல் டேனியல் டேஞ்சர்பீல்டு என்பவனைத் தப்பி வந்த அடிமை என்று பிடித்து விசாரித்தார்கள். விசாரணை இராமுழுதும் நீண்டது. அறுபத்தாறு வயது அம்மாள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவன் விடுதலையானான். அதே ஆண்டு இறுதியில் ஜான் பிரவுன் தூக்கு மேடைக்குக் காத்திருந்த நாட்களில், அவர் மனைவி மேரி, நகருக்கு வெளியே 'ரோட்ஸைட்' என்ற மாட் இல்லத்தில்தான் தங்கியிருந்தாள். ஆயுதம் ஏந்தியவனின் மனைவி, ஆயுதமே ஆகாது என்கிறவர் வீட்டில்.

இப்படி வந்து போகிற கூட்டத்துக்கு நடுவே வீட்டு வேலை நிற்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் மேஜையிலேயே ஒரு சிறு மரத்தொட்டியை வைத்துப் பீங்கான்களைக் கழுவிக்கொண்டே விருந்தினரோடு விவாதிப்பாராம். அடிமைகள் உழைப்பில் விளைந்த பருத்தியையும் சர்க்கரையையும் தொடுவதில்லை என்று விரதம் வேறு. ஜேம்ஸ் இதற்காகவே லாபமுள்ள பருத்தி வியாபாரத்தை விட்டுக் கம்பளிக்கு மாறினார். பெரியவர்களுக்குச் சரி, குழந்தைகள் பாடு? பேத்தி அன்னா டேவிஸ் ஹாலோவெல் பின்னாளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள்: அந்தத் துணியில் அழகில்லை, குடை பார்க்கச் சகிக்காது, மிட்டாயோ மகா மோசம். கொள்கையின் ருசி குழந்தைகளின் நாக்குக்குத்தான் சரியாகத் தெரிகிறது.

வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை வந்ததையும் சொல்ல வேண்டும். 1845-ல் லுக்ரீஷியாவின் மகன் தாமஸ், மார்த்தாவின் மூத்த மகள் மேரியானாவை மணந்தான். பெல்ஹாமுக்குப் பிறந்த அந்தக் குழந்தைதான். நம் வாசகிகள் இங்கே புத்தகத்தை மூடிவிட்டு உறவுமுறையை விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்கள். சித்தி மகள், நம் கணக்கில் தங்கை! அத்தை மகள், மாமன் மகள் என்றால் நாம் பந்தல் போடுவோம். அவர்களுக்கு இதுவும் அதுவும் ஒன்றுதான், இரண்டும் கூடாது. குவேக்கர் சபை உடன்பிறந்தார் மக்களின் மணத்தை அனுமதிப்பதில்லை. தங்கையைத் தள்ளிய சபையின் விதியை இருபத்தோரு ஆண்டு கழித்து மகனும் மீறினான். பிரசங்கி அம்மாள் சபையையும் விடவில்லை, மகனையும் விடவில்லை. சபைக்குள் அவருடைய அடிமை எதிர்ப்புப் பேச்சையே பொறுக்காமல் அவரை வெளியேற்றத் துடித்தவர்கள் இருந்த காலம் அது. குற்றம் சாட்ட ஒரு சாக்குத் தேடினவர்களுக்கு நடுவே அவர் நடந்த கவனத்தை நினைத்தால், அந்தக் கேலியும் கலகலப்பும் எவ்வளவு கனமான மூடி என்று எனக்குப் படுகிறது.

யுத்தம் வந்தது. கொலை கூடாது என்பது குவேக்கரின் அடிப்படை. ஆனால் மருமகன் எட்வர்ட் டேவிஸ் படையில் சேர்ந்தார். மார்த்தாவின் மகன் வில்லி பீரங்கிப் படையில் சேர்ந்து, 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் காயம்பட்டான். அதே ஆண்டு, ரோட்ஸைடுக்கு அடுத்தாற்போல் இருந்த மருமகனுடைய நிலத்தில் 'காம்ப் வில்லியம் பென்' அமைந்தது. கறுப்புச் சிப்பாய்களுக்கென்று ஏற்பட்ட பயிற்சி முகாம். சுமார் 11,000 பேர் அங்கே பழகினார்கள். யுத்தத்தை வெறுத்த அம்மாள் ஜன்னலைத் திறந்தால் கவாத்து! முகாமுக்கு ஒரு குவேக்கர் பெரியவரின் பெயர் வேறு. அவர் அங்கே போய் அந்த இளைஞர்களுக்குப் பிரசங்கம் செய்தார்; அவர்களை உபசரித்தார். கொள்கையை விட்டுவிட்டார் என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்துகிற கறுப்புப் பையனைப் பார்த்து, "நீ செய்வது தப்பு" என்று சொல்லும் உரிமை தமக்கு இருக்கிறதா என்ற கேள்வி அவருக்கு எழுந்திருக்கும். எழாமலிருந்தால்தான் அதிசயம்.

யுத்தத்துக்குப் பிறகு தோழிகளே இரண்டுபட்டார்கள். கறுப்பு ஆண்களுக்கு ஓட்டு முதலில், பெண்களுக்குப் பிறகு என்றால் ஒப்புவதா, மறுப்பதா? ஸ்டான்டனும் ஸூஸன் ஆன்டனியும் மறுத்தார்கள். கறுப்பர்களை இழிவாகப் பேசுகிற டிரெயின் என்ற பணக்காரரின் உதவியையும் பெற்றுக்கொண்டார்கள். அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. மார்த்தாவோ பெரும்பாலும் அந்தத் தோழிகள் பக்கம். 1869-ல் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. அக்காள் தங்கை கடிதம் மட்டும் பிளவுபடவில்லை.

பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக இருண்டன. 1865-ல் மகள் எலிசபெத். 1868 ஜனவரியில் ஜேம்ஸ். புரூக்லினில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நிமோனியா கண்டு போய்விட்டார். 1874-ல் மூத்த மகள் அன்னா. 1875 ஜனவரியில் மார்த்தாவும் பாஸ்டனில் இறந்தாள். கைக்குழந்தையாகப் பார்த்த தங்கைக்குப் பிறகும் அக்காள் ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக உயிரோடிருந்தார். 1880 நவம்பர் 11-ல், எண்பத்தேழாம் வயதில், ரோட்ஸைடில் காலமானார்.

பேத்தி அன்னா 1884-ல் தாத்தா பாட்டியின் வாழ்க்கையைக் கடிதப் பகுதிகளோடு ஒரு நூலாக வெளியிட்டாள். மிட்டாயைப் பற்றிப் புகார் சொன்னவள் அவள்தான். மூலக் கடிதங்களில் ஒரு பெரும் பகுதி, ஜேம்ஸும் லுக்ரீஷியாவும் சேர்ந்து நிறுவ உதவிய ஸ்வார்த்மோர் கல்லூரியின் குவேக்கர் நூல்நிலையத்தில் இருக்கிறது. மார்த்தா பக்கத்துக் கடிதங்கள் வேறு வழியாகப் போயின. அவள் மகள் எல்லன், அடிமை ஒழிப்புப் பத்திரிகையாளர் காரிஸனின் மகனை 1864-ல் மணந்துகொண்டாள். புக்ககத்துக் காகிதங்களோடு தாய் வீட்டுக் காகிதங்களும் சேர்ந்து ஸ்மித் என்ற பெண்கள் கல்லூரியின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தன.